நேரம்தான் காணாது

நான் வேகமாக எழுதுகிறவன். பாடசாலைக் காலத்திலிருந்தே அது எனக்கொரு பெருமை. சாதாரண தரப் பரீட்சை மண்டபத்தில் முதன்முதலாகக் கையை உயர்த்தி மேலதிகத் தாள் கேட்கிறவன் நானாகத்தான் இருப்பேன். மேற்பார்வையாளர் தாளைக் கொண்டுவந்து மேசையில் வைக்கும்போது சுற்றியிருப்பவர்கள் தலை தூக்கிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்காகவே இரண்டு வரி கூட எழுதிய நாட்களும் உண்டு. வீட்டுக்கு வருகிறவர்களிடம் வாப்பா, "இவன் மணி அடிக்க முந்தியே எழுதி முடிச்சிருவான்" என்று சொல்வார். விடை சரியா பிழையா என்று எவரும் கேட்டதில்லை.

கெட்டிக்காரத்தனம் என்றால் வேகம் என்ற எண்ணம் அப்படித்தான் எனக்குள் ஊறியது. பின்னர் ஒரு பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பிக்கும் விரிவுரையாளராக வந்தபோதும் அதை இறக்கி வைக்காமலே வந்திருக்கிறேன். இது எனக்குத் தெரியவந்தது 2020 ஆம் ஆண்டில். தெரிய வைத்தவர் என்னிடம் படித்த ஒரு மாணவர்.

அந்த வருடம் மார்ச் மாத நடுப்பகுதியில் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. 20 ஆம் திகதி மாலையிலிருந்து நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம். சில வாரங்களில் விரிவுரைகள் எல்லாம் இணையவழிக்கு வந்தன. லேர்ண் எனப்படும் கல்வி ஆய்வு வலையமைப்பின் ஊடாக, தொலைத்தொடர்பு நிறுவனங்களின் உதவியுடன், பிள்ளைகள் பல்கலைக்கழகத் தளங்களுக்குள் டேட்டாச் செலவின்றி நுழைவதற்கு வழி செய்யப்பட்டது. அதுவரை விரிவுரைக் குறிப்புகளைப் போட்டு வைக்கும் அலுமாரியாக மட்டும் நாங்கள் பாவித்துவந்த மூடில் என்ற தளம், ஒரே மாதத்தில் வகுப்பறையாகவும் பரீட்சை மண்டபமாகவும் மாறிவிட்டது.

இணையவழிச் சிறு பரீட்சை வைப்பதற்கு நான் விரைவிலேயே பழகிக்கொண்டேன். 20 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள், மொத்தம் 15 நிமிடங்கள். ஒரு பக்கத்தில் ஒரு வினா. அடுத்த வினாவுக்குப் போனால் முந்தியதற்குத் திரும்ப ஏலாது. வினாக்களின் வரிசையும் ஆளுக்காள் மாறும். இவ்வளவு கெடுபிடியும் எதற்கென்றால், பார்த்தெழுதக் கூடாது என்பதற்காக. மேற்பார்வையாளர் இல்லாத மண்டபத்தில் நேரத்தைத்தான் காவலுக்கு நிறுத்தினோம். நோன்பு காலமாதலால் இரவு 9 மணிக்குப் பரீட்சையைத் திறந்து, பிந்தி வருகிறவர்களுக்காக ஐந்து நிமிடம் சேர்த்து, 9.20 க்கு மூடிவிடுவேன். மூடிய அடுத்த கணமே புள்ளிப் பட்டியல் தயாராக இருக்கும். விடைத்தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டியதில்லை. எனக்கு அது பிடித்தும் இருந்தது.

முதற் பரீட்சையில் அந்த மாணவர் 20 க்கு 7 எடுத்திருந்தார். இரண்டாம் வருடத்தில் படித்த விழிப்புலனற்ற மாணவர். மண்டபத்தில் முன்வரிசையில் இருந்து விரிவுரையைக் கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்துகொள்வார். முடிந்ததும் இரண்டு கேள்வியாவது கேட்காமல் போகமாட்டார். அவர் கேள்விகளுக்கு நான் சில வேளைகளில் வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைப் புரட்டிவிட்டுத்தான் பதில் சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்டவர் 7 எடுத்ததைப் பார்த்து, "வீட்டில் இருந்ததும் பிள்ளைகள் படிப்பதை விட்டுவிட்டார்கள்" என்று எண்ணிக்கொண்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டேன். பெருநாள் கழிந்து நடந்த இரண்டாவது பரீட்சையில் 8. அப்போதும் போயிருப்பேன். வேறொரு மாணவியின் புள்ளியில் ஒரு சந்தேகம் வந்து, ஒவ்வொருவரும் எந்த வினாவுக்கு என்ன விடை அளித்தார் என்று காட்டும் பட்டியலைத் திறக்க வேண்டியிருந்தது. அதில் அவருடைய வரியும் கண்ணில் பட்டது.

எட்டு வினாக்களுக்குத்தான் விடை அளித்திருந்தார். எட்டும் சரி. மீதி பன்னிரண்டும் வெறுமை. முதற் பரீட்சையைத் திறந்து பார்த்தேன். ஏழு விடை, ஏழும் சரி. அவர் ஒரு விடையிலும் பிழை விட்டிருக்கவில்லை. தவறவிட்டவை எல்லாம் அவரிடம் போய்ச் சேராத வினாக்கள்.

அன்றிரவே தொலைபேசியில் அழைத்தேன்.

"தம்பி, என்ன நடந்தது? பாதிக்கு மேல விட்டிருக்கிறீங்களே?"

"ஒண்டுமில்ல சேர். வினா எல்லாம் தெரிஞ்சதுதான். நேரம்தான் காணாது."

குறை சொல்கிற குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பதுபோலச் சொன்னார். நான் விடாமல் கேட்டதால்தான் விபரித்தார். அவருடைய பழைய மடிக்கணினியில் என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருள் இருக்கிறது. திரையிலுள்ளதை அது குரலில் வாசிக்கும். கண்ணால் பார்க்கிற எங்களுக்கு வினாவும் நான்கு விடைகளும் ஒரே பார்வையில் விழுகின்றன. அவருக்கு அவை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும். நான்காவது விடையைக் கேட்கும்போது முதலாவது மறந்துவிட்டால் மீண்டும் மேலே போகவேண்டும். தமிழை வாசிக்கும் அந்த இயந்திரக் குரல் ஊர்ப் பெயர்களையும் அரசர் பெயர்களையும் சிதைத்துவிடுவதால் எழுத்தெழுத்தாகக் கேட்கவேண்டியும் வரும். இவற்றைவிடப் பெரிய தொல்லை நான் பெருமையோடு செய்துவைத்த ஒரு வேலை. ஒரு பக்கத்துக்கு ஒரு வினா வைத்ததால், ஒவ்வொரு முறையும் புதுப் பக்கம் திறக்கிறது. திறந்ததும் அந்தக் குரல் தளத்தின் பெயரிலிருந்து, மேலேயுள்ள இணைப்புகளிலிருந்து, மறுபடி தொடங்குகிறது. வாசல், திண்ணை, நடை எல்லாம் கடந்துதான் ஒவ்வொரு வினாவிடமும் அவர் போய்ச் சேரவேண்டும். அப்படி இருபது தடவை.

"அதோட சேர், ரெண்டு வினாவில ஒண்டுமே வாசிக்கல்ல. 'படம்' எண்டு மட்டும் சொல்லிச்சு."

அதுவும் என் வேலைதான். பழைய வினாத்தாள்கள் பாமினி எழுத்துருவில் இருந்தன. அப்படியே எடுத்து ஒட்டினால் தளத்தில் ஆங்கிலக் கிறுக்கலாக வரும். மறுபடி தட்டச்சுச் செய்யப் பஞ்சிப்பட்டு, பத்தியைப் படம் பிடித்து ஏற்றியிருந்தேன். படத்தைத் திரைவாசிப்பு மென்பொருள் எங்கே வாசிக்கப்போகிறது?

பாமினி என்றதும் இன்னொன்றையும் சொன்னார். எங்களில் பலர் ஆண்டாண்டு காலமாக அந்த எழுத்துருவிலேயே குறிப்புகளைத் தட்டச்சுச் செய்கிறோம். கண்ணுக்கு அது அழகான தமிழ். கணினிக்கோ அது தமிழே அல்ல, தமிழ்ச் சட்டை போட்ட ஆங்கில எழுத்துகள். 'அம்மா' என்று நாம் பார்க்கும் சொல், உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் இருக்கிறது. அந்த மென்பொருளும் அதைத்தான் வாசிக்கும். இரண்டு வருடங்களாக நான் கொடுத்த குறிப்புகள் அத்தனையும் அவருடைய காதில் அப்படித்தான் விழுந்திருக்கின்றன.

"அப்ப எப்பிடிப் படிச்சீங்க?"

"தங்கச்சி வாசிப்பா சேர். நான் பதிவு செஞ்சி கேப்பேன்."

"பரீட்சைக்கும் தங்கச்சி வாசிச்சுத் தந்திருக்கலாமே?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "வாசிக்கலாம் சேர். பிறகு, விடையையும் தங்கச்சிதான் சொன்னா எண்டு நீங்க நினைச்சிருவீங்களே."

எனக்குப் பதில் வரவில்லை. நான் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

அப்படியிருந்தும் அந்த உரையாடலின் முடிவில் நான் சொன்னது இதுதான்: "எல்லாருக்கும் ஒரே நேரம் குடுக்கிறதுதானே தம்பி நியாயம். நீங்க அலுவலகத்தில ஒரு கடிதம் எடுத்து அனுப்புங்க, பார்ப்போம்." ஊரடங்கு நாளில், பூட்டிக் கிடக்கும் அலுவலகத்தில் கடிதம் எடுக்கச் சொன்னேன். "சரி சேர்" என்றார். உயர்தரப் பரீட்சையில் தனக்கு மேலதிக நேரம் தந்திருந்தார்கள் என்பதையும் மெதுவாகச் சொல்லி வைத்தார். திணைக்களம் தந்ததை ஒரு விரிவுரையாளர் தரத் தயங்குகிறார் என்று அவர் சொல்லவில்லை. எனக்கு அப்படித்தான் கேட்டது.

நித்திரை வராமல் அன்றிரவு சட்டங்களைத் தேடிப் பார்த்தேன். வலது குறைந்த ஆட்களின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கு 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. கல்வி நிறுவனமொன்றில் சேர்த்துக்கொள்ளும்போது வலது குறைவைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்யக்கூடாது என்கிறது அது. ஐக்கிய நாடுகள் சமவாயத்தில் இலங்கை 2007 இல் கையொப்பமிட்டு, 2016 இல் அதனை ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 24 ஆம் உறுப்புரை, சேர்ப்பதோடு நின்றுவிடாமல், உயர்கல்வியிலும் அவரவர் தேவைக்கேற்ற நியாயமான வசதிகளைச் செய்துகொடுக்கச் சொல்கிறது. இவையெல்லாம் நான் பதவியில் இருந்த காலத்தில் நடந்தவை. எங்கள் வாயிற்கதவு அவருக்குத் திறந்துதான் இருந்தது. உள்ளே நான்தான் 15 நிமிடத்தில் ஒரு கதவைச் சாத்திக்கொண்டிருந்தேன்.

மறுநாள் எங்கள் தொழில்நுட்ப உத்தியோகத்தரை அழைத்து, ஒரு பிள்ளைக்கு மட்டும் நேரத்தைக் கூட்ட வழி உண்டா என்று கேட்டேன். உண்டு என்றார். பரீட்சையின் அமைப்புப் பகுதியிலேயே, பொது விதியை ஒருவருக்கு மட்டும் மாற்றிக் கொடுக்கும் இடம் இருக்கிறது. பெயரைத் தெரிவு செய்து, நிமிடத்தை மாற்றிச் சேமிக்க வேண்டும், அவ்வளவுதான். அவர் சொல்லச் சொல்ல நான் செய்தேன். இரண்டு நிமிடம் பிடித்திருக்காது. கடிதமெல்லாம் கேட்டேனே என்று வெட்கமாகிவிட்டது.

மூன்றாவது பரீட்சைக்கு அவருக்கு 30 நிமிடங்கள் கொடுத்து, அழைத்தும் சொன்னேன். மகிழ்ந்தார். பரீட்சை முடிந்து பட்டியலைப் பார்த்தால் 20 க்கு 9. இம்முறையும் மீதி வெறுமை.

"சேர், 9.20 க்குத் தானா மூடிட்டு. ரெண்டு நிமிசம் பிந்தித்தான் உள்ளுக்கு வர ஏலுமாப் போச்சு. பதினெட்டு நிமிசம்தான் கிடைச்சது."

உத்தியோகத்தரிடம் ஓடினேன். அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "சேர், அங்க ரெண்டு மணிக்கூடு இருக்கு. ஒண்டு, பிள்ளைக்கு எத்தனை நிமிசம் எண்டு பாக்கிறது. மற்றது, பரீட்சையை எத்தனை மணிக்கு மூடுறது எண்டு பாக்கிறது. நீங்க ஒண்டத்தான் மாத்தி இருக்கிறீங்க." முப்பது நிமிடம் கொடுத்தும், மூடும் நேரம் எல்லோருக்கும் 9.20 ஆகவே இருந்ததால் அதுவே அவருக்கும் எல்லையாகிவிட்டது. விருந்துக்கு அழைத்துவிட்டுச் சாப்பாடு வைக்கு முன்பே சஹனைத் தூக்கியது போன்ற வேலை. மேலதிக நேரம் கொடுக்கிற எவரும் இதனை நினைவில் வைத்திருக்க வேண்டும். நிமிடத்தைக் கூட்டினால் மூடும் நேரத்தையும் சேர்த்தே தள்ளவேண்டும்.

இந்தப் பிழையைத் திருத்தப் போய் இன்னொரு பிழை செய்தேன். வகுப்பின் வட்ஸ்அப் குழுவில், இன்னாருக்கு மேலதிக நேரம் வழங்கியதில் தவறு நேர்ந்துவிட்டது, அவருக்கு மறுபடி பரீட்சை வைக்கப்படும் என்று பெயர் குறிப்பிட்டு அறிவித்தேன். ஒளிவுமறைவு இல்லாமல் நடந்துகொள்கிறேன் என்பது என் எண்ணம். ஐந்து நிமிடத்தில் ஒரு மாணவர் எழுதினார்: "அவருக்கு மட்டும் ஏன் சேர்? எங்கட வீட்டில சிக்னல் இல்ல. நான் கூரையில ஏறி இருந்துதான் எழுதினேன்."

மலையேறியும் மரமேறியும் பாடம் கேட்ட பிள்ளைகளின் படங்கள் பத்திரிகைகளில் வந்த காலம் அது. அந்த மாணவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பதில் எழுத முன்பே தொலைபேசி அடித்தது.

"சேர், குறூப்பில போடாம இருந்திருக்கலாம்."

அது மட்டும்தான். வேறு எதுவும் சொல்லவில்லை. இரண்டு தடவை புள்ளி குறைந்தபோது வராத வருத்தம் அந்தக் குரலில் இருந்தது. ஒருவருடைய தேவை அவருடைய சொந்த விடயம். அது ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையில் இருக்கவேண்டியது. தனிப்பட்ட முறையில் நேரத்தை மாற்றினால் மற்ற எவருடைய திரையிலும் அது தெரியாதபடிதான் மூடிலை ஆக்கியிருக்கிறார்கள். அந்த இயந்திரத்துக்கு இருந்த பக்குவம் எனக்கு இருக்கவில்லை.

கூரையில் ஏறிய மாணவரின் கேள்வியை நான் பல நாட்கள் யோசித்தேன். அவருக்குப் பதிலாக நான் கண்டுகொண்டது இது. ஒரு தாதிக்கு அவசர வேளையில் மருந்தின் அளவு சட்டென்று நினைவுக்கு வரவேண்டும். அங்கே வேகமும் படிப்பின் ஒரு பகுதி. வரலாற்றுக்கு அப்படியான தேவை என்ன? கண்டி இராச்சியம் 1815 இல் வீழ்ந்தது ஏன் என்பதை 45 வினாடியில் தெரிந்தவரைவிட, இரண்டு நிமிடத்தில் தெரிந்தவர் எந்த விதத்தில் குறைந்தவர்? அந்த 15 நிமிடம் வரலாற்றை அளப்பதற்காக நான் வைத்தது அல்ல. பிள்ளைகளை நம்பாததால் வைத்தது. என் அவநம்பிக்கையின் செலவை ஒருவர் கண்ணாலும், இன்னொருவர் கூரையில் ஏறியும் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே எல்லோருக்கும் நேரத்தை 25 நிமிடமாக்கினேன். திரும்பிப் போகவிடாத கட்டுப்பாட்டை எடுத்தேன். ஒரு பக்கத்தில் ஐந்து வினாக்கள் வைத்தேன். படமாக ஏற்றியவற்றை யூனிகோடில் நானே உட்கார்ந்து தட்டச்சுச் செய்தேன். மனனம் செய்ததைக் கேட்கும் வினாக்களைக் குறைத்து, பார்த்தெழுதியும் பயனில்லாத வினாக்களைக் கூட்டினேன். கூரையில் ஏறியவருக்குப் பாதிப் பதில் கிடைத்தது. சிக்னலுக்கு என்னிடம் மருந்து இல்லை.

இவ்வளவு செய்தும் அந்த மாணவருக்குத் தனியாக நேரம் வேண்டித்தான் இருந்தது. எவ்வளவு என்பதை நான் தீர்மானிக்கப் போகவில்லை. வழமையில் ஒன்றரை மடங்கு, தேவைப்பட்டால் இரட்டிப்பு என்று கொடுப்பார்கள். நாங்கள் இருவரும் சேர்ந்து, புள்ளி இல்லாத ஒரு மாதிரிப் பரீட்சை வைத்துப் பார்த்தோம். 10 வினாக்களுக்கு 21 நிமிடம் எடுத்தது. அப்படியானால் 20 க்கு 42. நான் முன்பு தாராளம் என்று நினைத்துக் கொடுத்த முப்பதும் போதாது. 45 என்று முடிவு செய்தோம். மூடும் நேரத்தையும் மறக்காமல் தள்ளினேன். இரண்டு தரம் பார்த்தேன்.

அந்தக் காலத்தில் பொழுதுபோக்காக இந்த இரண்டு கருவிகளின் கதையையும் வாசித்தேன். மூடிலை உருவாக்கியவர் மார்ட்டின் டூகியாமாஸ். அவுஸ்திரேலியப் பாலைநிலத்தில், பள்ளிக்கூடம் இல்லாத இடத்தில், வானொலி வழியாகப் பாடம் படித்து வளர்ந்தவர். என்விடிஏயை 2006 இல் தொடங்கிய மைக்கல் கரன், ஜேம்ஸ் டே இருவரும் அதே நாட்டவர்கள், விழிப்புலனற்றவர்கள். விலை கொடுத்து வாங்க முடியாதவர்களுக்காக அதை இலவசமாகவே கொடுத்தார்கள். தூரம் என்றால் என்ன, காத்திருப்பு என்றால் என்ன என்று அனுபவத்தில் தெரிந்தவர்கள் செய்த இரண்டு பொருட்கள் என் மாணவரின் வீட்டில் ஒரே மடிக்கணினியில் சந்தித்திருந்தன. இடையில் நின்று இடைஞ்சல் செய்தது ஒருநாளும் எதற்கும் காத்திருக்காத நான்தான்.

ஜூலை மாதத்தில் கடைசிப் பரீட்சை நடந்தது. மற்றவர்கள் எல்லோரும் முடித்துவிட்டுப் போன பிறகும் நான் கணினியை மூடவில்லை. எழுதிக்கொண்டிருப்பவர் ஒருவர் என்று திரை காட்டியது. மனைவி வந்து, "இன்னும் முடியல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். யாரோ ஒருவர் எழுதி முடிக்கும்வரை பொறுமையாக நான் இருந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. 41 ஆவது நிமிடத்தில் ஒப்படைத்தார்.

20 வினாக்களுக்கும் விடை அளித்திருந்தார். 17 சரி, 3 பிழை.

அழைத்துச் சொன்னேன். முதலில் கேட்டது, "எந்த மூண்டு சேர்?" என்பதுதான். சொன்னேன். இரண்டை உடனே ஒப்புக்கொண்டார். மூன்றாவதை ஒப்புக்கொள்ளவில்லை. வினாவே தெளிவில்லாமல் இருக்கிறது என்று வாதாடினார். அரைமணி நேரம் கதைத்தோம். நான் விட்டுக் கொடுக்கவில்லை, அவரும் விடவில்லை. தொலைபேசியை வைத்த பிறகு புத்தகத்தை எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். விடை பிழைதான். அந்தப் பிழை அவருடையது, மற்ற இரண்டும் அவருடையவை. அதுவரை அவர் இழந்த புள்ளிகளோ ஒன்றுகூட அவருடையவை அல்ல.